கை மாற்று அறுவைக்குப் பின் மறுவாழ்வுப் பயிற்சி: பயன்பெற்ற ஒருத்தியின் மதிப்புரை

கை மாற்று அறுவைக்குச் சம்மதம் சொல்லும் முன், அறுவை அரங்கைப் பற்றி எவ்வளவு விசாரிக்கிறீர்களோ அவ்வளவு அங்குள்ள கைப் பயிற்சிப் பிரிவைப் பற்றியும் விசாரியுங்கள். அனுமதித்தால் உள்ளே போய் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பாருங்கள். நான் சொல்ல வந்தது இதுதான். அறுவை ஒரு பகலும் இரவுமாக முடிந்துவிடும். அதற்குப் பிறகு வரும் மாதங்களையும் ஆண்டுகளையும் நீங்கள் கழிக்கப்போவது பயிற்சி அறையில். அந்த அறை சரியில்லை என்றால், எவ்வளவு அருமையாகத் தைத்த கையானாலும் தோளிலிருந்து தொங்கும் பாரமாகவே நின்றுவிடும்.

நான் புத்தகம் கட்டும் பைண்டர். காகிதம் வெட்டும் இயந்திரத்தில் வலது கையை முன்கையின் நடுவோடு இழந்தேன். சில ஆண்டுகள் செயற்கைக் கையோடு வேலை பார்த்தேன். பிறகு, மூளைச்சாவு அடைந்த ஒருவரின் குடும்பத்தார் கொடுத்த கையைப் பெற்றுக்கொண்டேன். அறுவை செய்த மருத்துவர்களை மதிப்பிடும் தகுதி எனக்கு இல்லை. அதன் பிறகு நான் நாள்தோறும் போய்வந்த மறுவாழ்வுப் பயிற்சிப் பிரிவைப் பற்றிப் பேச எனக்கு முழுத் தகுதி உண்டு. அந்தப் பிரிவின் பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறைகள் வேறு பல இடங்களிலும் இருக்கக்கூடியவை; ஓரிடத்தை மட்டும் சுட்டிக்காட்டுவது நியாயமாக இருக்காது. ஐந்துக்கு எவ்வளவு என்று கேட்டால் நான்கு தருவேன். பிடித்துவைத்த அந்த ஒன்றுக்கும் காரணம் சொல்கிறேன்.

இந்த மருத்துவத்தின் தொடக்க வரலாறே பயிற்சியின் மதிப்பைச் சொல்லிவிடுகிறது. 1964இல் ஈக்வடாரில் முதல் முயற்சி நடந்தது. உடல் அந்தக் கையைச் சில வாரங்களிலேயே நிராகரித்துவிட்டது. அன்றைக்கு அதைத் தடுக்கத் தக்க மருந்துகள் இல்லை. 1998 செப்டம்பரில் பிரான்சின் லியோன் நகரில் கிளின்ட் ஹாலம் என்ற நியூசிலாந்துக்காரருக்குக் கை பொருத்தினார்கள். உலகமே திரும்பிப் பார்த்த அறுவை அது. ஆனால் அவர் மருந்தையும் பயிற்சியையும் ஒழுங்காகத் தொடரவில்லை. அந்தக் கையோடு தன் மனம் ஒட்டவில்லை என்றார். 2001 பிப்ரவரியில் அவர் கேட்டுக்கொண்டபடியே அது அகற்றப்பட்டது. ஹாலமுக்குக் கை பொருத்தி நான்கு மாதத்தில், 1999 ஜனவரியில், அமெரிக்காவின் லூயிவில் நகரில் மேத்யூ ஸ்காட்டுக்குக் கை பொருத்தினார்கள். அந்தக் கை 20 ஆண்டுகளைக் கடந்தும் அவரோடு இருந்தது. ஹாலமைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பயிற்சி எவ்வளவு அலுப்பூட்டும் என்பதும், நம்முடையது அல்லாத தோலைத் தினமும் பார்ப்பது எப்படி இருக்கும் என்பதும் அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த இரண்டு கதைகளையும் அறுவைக்கு முன்பே எனக்குச் சொன்னவர் எங்கள் பிரிவின் மூத்த தெரபிஸ்ட். அவர் எதையும் மறைக்கவில்லை. நான் அவர்களை நம்பத் தொடங்கியது அங்கேதான்.

அறுவை முடிந்த முதல் வாரத்திலேயே அவர் என் படுக்கையருகே வந்துவிட்டார். கை வீங்கி, கட்டுக்குள் இருந்தது; விரல் நுனிகள் மட்டும் தெரிந்தன. இவ்வளவு சீக்கிரம் ஏன் என்று என் தம்பி கேட்டான். அதற்கு அவர் சொன்ன விளக்கத்தைப் போல் தெளிவான ஒன்றை நான் எந்த ஆவணத்திலும் படிக்கவில்லை. விரல்களை மடக்கவும் நீட்டவும் செய்யும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. என் விஷயத்தில் அந்தத் தசைகளில் பெரும்பகுதி என்னுடையவை. அவற்றின் நரம்பும் அறுபடவில்லை. கொடையாளரின் கையிலிருந்து வந்த தசைநாண்களை, அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நார்களை, அவற்றோடு தைத்திருக்கிறார்கள். ஆகவே உணர்ச்சி துளியும் இல்லாத விரலைக்கூட என்னால் அசைக்க முடியும். அசைக்காமல் விட்டால், பசை காயும் முன் பிரித்துவிடாத பக்கங்கள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்வதைப் போல, தசைநாண்கள் சுற்றியுள்ள சதையோடு ஒட்டிக்கொள்ளும். அதிகமாக அசைத்தால் தையல் அறுந்துபோகும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் குறுகிய பாதையில் நடத்திச் செல்வதுதான் முதல் இரண்டு மாதங்களில் தெரபிஸ்டின் வேலை.

“அக்கா, விரலை மடக்குவதாக நினையுங்கள். பலம் கொடுக்க வேண்டாம். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்பார் அவருக்குத் துணையாக இருந்த இளம் தெரபிஸ்ட். நான் நினைப்பேன், அவர் தன் விரல்களால் மெல்ல நகர்த்துவார். முதல்முறை அந்த ஆள்காட்டி விரல் என் நினைப்புக்கு அசைந்தபோது எனக்குள் மகிழ்ச்சியைவிடப் பயம்தான் முதலில் வந்தது. அதை அவரிடம் சொன்னேன். “எல்லோருக்கும் வரும், சொன்னது நல்லது” என்று குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்பு அதற்கு மேல் யாரிடமும் போகவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கையை வேண்டிய நிலையில் தாங்கி நிறுத்தும் ஸ்பிளின்ட் பற்றித் தனியாக எழுத வேண்டும். கை பொருத்திக்கொண்டவர்கள் வாழ்நாளில் எந்த உடையையும்விட அதிக நேரம் அணிவது அதுவாகத்தான் இருக்கும். வெந்நீரில் போட்டால் இளகும் பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, கையின் மேலேயே வைத்து வார்த்து, ஆறியதும் பட்டை கட்டிவிடுகிறார்கள். முதலில் வந்தது, தைத்த தசைநாண்கள் இழுபடாதபடி மணிக்கட்டையும் விரல்களையும் குறிப்பிட்ட கோணத்தில் நிறுத்துவது. பிறகு ரப்பர் இழுவையோடு விரல்களை நீட்ட உதவும் ஒன்று. அதன் பிறகு, விரல் முட்டிகள் பின்னோக்கி மடங்காமல் தடுக்கும் சின்னது. உள்ளங்கையில் உள்ள குட்டித் தசைகளுக்கு நரம்பு வந்து சேரும்வரை விரல்கள் கொக்கி போல வளைந்து நிற்கப் பார்க்கும். அந்த வளைவு நிரந்தரமாகிவிடாமல் காப்பது இது. இரவுக்கென்று வேறொன்று.

இவற்றை எங்கள் பிரிவு மிக நன்றாகச் செய்தது. கடையில் வாங்கிய ஆயத்த அளவு ஒன்றுகூட என் கையில் ஏறவில்லை. வீக்கம் வற்ற வற்ற, தகட்டை மறுபடி இளக்கித் திருத்தினார்கள். ஓரங்களைச் சுருட்டி மழுக்கிவிடுவார்கள். இது அழகுக்காகச் செய்வது அல்ல. உணர்ச்சியில்லாத தோலில் கூரான ஓரம் மணிக்கணக்கில் அழுத்தினாலும் நமக்குத் தெரியாது, புண்ணாகித்தான் தெரியும். நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து எடுப்பவருக்கு அந்தப் புண் சின்ன விஷயம் அல்ல. ஒவ்வொரு முறை ஸ்பிளின்டைக் கழற்றும்போதும் தோலில் சிவப்புத் தடம் இருக்கிறதா, எவ்வளவு நேரத்தில் மறைகிறது என்று பார்க்க என் தம்பிக்கும் கற்றுக்கொடுத்தார்கள். ஒரே குறை பட்டைகளில். ஒரு கையால் கட்டிக்கொள்ள முடியாதபடி அவற்றை வைத்திருந்தார்கள். உதவிக்கு ஆள் இல்லாமல் வாழ்பவர்களும் இந்த அறுவைக்கு வருவார்கள் என்பதை ஸ்பிளின்ட் செய்கிறவர்கள் மனத்தில் வைக்க வேண்டும். நான் சொன்ன பிறகு பட்டையின் நுனியில் விரலை மாட்டி இழுக்க வளையம் வைத்துத் தந்தார்கள்.

இனி, நல்ல பயிற்சிப் பிரிவையும் சாதாரணப் பிரிவையும் பிரித்துக் காட்டும் காலத்துக்கு வருகிறேன். காயம் ஆறிவிடும். எலும்பு கூடிவிடும். பார்க்க வருகிறவர்கள் “கைதான் சரியாகிவிட்டதே” என்பார்கள். உங்களுக்கோ அந்தக் கையில் ஒன்றுமே தெரியாது. காரணம் எளிது. கொடையாளரின் கையில் இருப்பது நரம்பின் வெறும் உறை. அதற்குள் நம் நரம்பு இழைகள் தைத்த இடத்திலிருந்து புதிதாக வளர்ந்து போக வேண்டும். அந்த வளர்ச்சி ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். முன்கையின் நடுவிலிருந்து விரல் நுனி வரை கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஆண்டை ஒட்டி வரும். முழங்கைக்கு மேலே பொருத்தியவர்களுக்கு இன்னும் நெடுங்காலம். நிராகரிப்பைத் தடுக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்துக்கு நரம்பு வளர்ச்சியைத் தூண்டும் குணமும் இருப்பதை விலங்கு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்படியிருந்தும் இது பொறுமையைச் சோதிக்கும் வேகம்தான்.

இந்த மாதங்களில் பலர் சோர்ந்துபோவதற்குக் காரணம், எதுவும் நடக்காதது போலத் தோன்றுவது. எங்கள் பிரிவு செய்த மிகச் சிறந்த காரியம், நடப்பதை எனக்குக் காட்டியது. நரம்பு போகும் வழியில் தோலின் மேல் விரலால் மெல்லத் தட்டுவார்கள். வளரும் நரம்பின் முனை இருக்கும் இடத்தில் தட்டும்போது மின்சாரம் போலச் சுரீரென்று இருக்கும். டினெல் சோதனை என்று இதற்குப் பெயர். அந்த இடத்தில் பேனாவால் கோடு போட்டு, தேதி எழுதி, படம் எடுத்து வைப்பார்கள். அடுத்த முறை தட்டும்போது கோடு கீழே இறங்கியிருக்கும். முன்கையிலிருந்து மணிக்கட்டுக்கு, மணிக்கட்டிலிருந்து உள்ளங்கைக்கு. வேறு எந்தச் சொல்லும் தராத தெம்பை அந்தப் பேனாக் கோடுகள் தந்தன. இதற்கு இயந்திரம் வேண்டாம், பணம் வேண்டாம். பொறுமையாகத் தட்டிப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். உங்கள் பிரிவில் இதைச் செய்யாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, கண்ணாடிப் பயிற்சி. இல்லாமல் போன கையின் வலியைத் தணிக்க 1990களில் நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் அறிமுகப்படுத்திய முறை இது. இரு கைகளுக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்தி, இடது கையை அசைத்து, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை வலது கையாகப் பார்க்க வேண்டும். பார்க்க எளிது, செய்தால் களைத்துப்போவோம். கை போன பிறகு மூளையில் கைக்கான பகுதியை அக்கம்பக்கத்துப் பகுதிகள் எடுத்துக்கொள்கின்றன. அந்த இடத்தைத் திரும்பப் பெற வேண்டும். 2000 ஜனவரியில் லியோனில் இரு கைகளும் பொருத்தப்பட்ட ஒருவரின் மூளையைப் படம் பிடித்த ஆய்வு, 2001இல் வெளிவந்தது. கை அசைவுக்கான பகுதி தன் பழைய இடத்துக்குத் திரும்பியதை அது காட்டியது. இதை எனக்குச் சொல்லிவிட்டுத்தான் கண்ணாடியை எடுத்து வைத்தார்கள். காரணம் தெரிந்த பிறகு செய்யும் பயிற்சிக்கும் தெரியாமல் செய்யும் பயிற்சிக்கும் எவ்வளவு வேறுபாடு!

உணர்ச்சி ஒரே நாளில் வந்துவிடுவதில்லை, எல்லாம் சேர்ந்தும் வருவதில்லை. வலியும் சூடு குளிரும் தெரிவது முதலில். பிறகு, தோலின் மேல் நகரும் தொடுகை. ஒரே இடத்தில் வைத்த விரல் தெரிவது அதற்கும் பின். அதிர்வு தெரிகிறதா என்று இசைக்கவையைத் தட்டி விரலில் வைப்பார்கள். நைலான் இழைகளைக் கனம் குறைத்துக் குறைத்துத் தோலில் அழுத்திப் பார்ப்பார்கள். இந்தச் சோதனைகள் எல்லாம் நடந்தன, ஒழுங்காகவே நடந்தன. சூடு தெரியாத காலத்தில் வெந்நீரை இடது கையால் பார்த்த பிறகே வலது கையை விட வேண்டும் என்பதைச் சுவரில் எழுதி ஒட்டாத குறையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நல்லது. ஆனால் நான் இந்தப் பிரிவை மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பதற்குக் காரணம் சோதனைகள் அல்ல, காகிதம்.

தொடு உணர்வுப் பயிற்சிக்கு வழக்கமாகப் பஞ்சு, உப்புத்தாள், வெல்வெட் துணி, மணல் நிரம்பிய பெட்டி ஆகியவற்றை வைத்திருக்கிறார்கள். கண்ணைத் திறந்து தொட வேண்டும், பிறகு மூடிக்கொண்டு தொட வேண்டும், எது என்று சொல்ல வேண்டும். எனக்கு அது ஒட்டவில்லை. மூத்த தெரபிஸ்ட் ஒரு நாள் கேட்டார்: “விபத்துக்கு முன்னால் இந்தக் கை எதைத் தொட்டுக்கொண்டிருந்தது?” காகிதம் என்றேன். தாளை விரலில் பிடித்தாலே அதன் கனத்தைச் சொல்லிவிடுவேன். எந்தப் பக்கம் வழுவழுப்பு, இழை எந்தத் திசையில் ஓடுகிறது என்று மடிக்கும் முன்பே தெரிந்துவிடும் என்றேன். மறுநாள் வீட்டிலிருந்து தாள்களைக் கொண்டுவரச் சொன்னார். தாளின் கனத்தைச் சொல்லும் ஜி.எஸ்.எம். கணக்கில் 60, 80, 100, பிறகு அட்டைத் தாள், செய்தித்தாள், பளபளப்புத் தாள். அவற்றை ஒரே அளவில் வெட்டி, பின்புறம் எண் எழுதி அடுக்கினோம். அதன் பிறகு மணல் பெட்டியை நான் தொடவில்லை.

முதலில் தாளுக்கும் துணிக்குமே வேறுபாடு தெரியவில்லை. பிறகு அட்டை எது, தாள் எது என்று தெரிந்தது. வெகுநாள் அங்கேயே நின்றேன். 80க்கும் 100க்கும் உள்ள வேறுபாட்டை இடது கையால் உணர்ந்து, அந்த நினைவு மங்குவதற்குள் வலது கைக்கு மாறுவேன். “கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தொடுங்கள், அக்கா. கண் பார்த்ததை விரலுக்குச் சொல்லட்டும்” என்பார் இளையவர். ஒருமுறை, தாளின் வழுவழுப்புப் பக்கம் மேலே இருக்கிறது என்று கட்டைவிரல் சொன்னது. திருப்பிப் பார்த்தோம், சரி. அந்த அறையில் இருந்த எல்லோரும் வந்து அந்தத் தாளைத் தொட்டுப் பார்த்தார்கள். வேறு கை நோயாளிகள், உதவியாளர்கள், எல்லோரும். பொருள்களின் பட்டியல் ஒன்றைப் பொதுவாக எல்லோருக்கும் நீட்டாமல், இந்த ஆளின் விரல் எதை அறிந்தது என்று கேட்கத் தெரிந்த இடம் அது. அதற்காகவே எத்தனை மதிப்பெண்ணும் கொடுக்கலாம்.

பயிற்சி அறை காவல்காரர் வேலையும் பார்க்கிறது என்பதை இங்கே வருவதற்கு முன் நான் அறியவில்லை. கை மாற்று அறுவைகளைத் தொகுத்து வைக்கும் பன்னாட்டுப் பதிவேட்டின் 2010ஆம் ஆண்டு அறிக்கைப்படி, கை பொருத்திக்கொண்டவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்கு முதல் ஆண்டில் ஒரு முறையாவது தீவிர நிராகரிப்பு வந்திருக்கிறது. பயமுறுத்தும் எண்தான். ஆனால் சிறுநீரகத்தைப் போல உள்ளே ஒளிந்து நடப்பதல்ல இது, தோலில் தெரிந்துவிடும். சிவப்புத் திட்டு, தடிப்பு, காரணமில்லாத வீக்கம். ஆரம்பத்தில் பிடித்தால் பெரும்பாலும் மருந்தாலேயே அடக்கிவிடலாம். என் புறங்கையில் வந்த வெளிர்சிவப்புத் திட்டுகளை வெயில் பட்டது என்று நாங்கள் நினைத்திருந்தபோது, நாள்தோறும் அந்தக் கையைத் தொட்டுப் பழகிய இளையவர் பயிற்சியை நிறுத்திவிட்டு, அப்போதே அறுவைக் குழுவை அழைத்தார். தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதித்தார்கள். ஸ்டீராய்டு மருந்தைக் கூட்டினார்கள். மேலே பூசவும் களிம்பு தந்தார்கள். திட்டுகள் அடங்கின. கையைத் தினமும் ஒரே ஆள் பார்ப்பதன் அருமை அப்போது விளங்கியது.

சுத்தத்திலும் அறைக்குள் குறை சொல்ல இடமில்லை. பிசைந்து பயிற்சி செய்யும் களிமண் போன்ற பொருளை ஒவ்வொருவருக்கும் தனி டப்பாவில் பெயர் எழுதி வைத்திருந்தார்கள். கைப்பிடிக் கருவிகளை ஒவ்வொருவர் பயன்படுத்திய பிறகும் துடைத்தார்கள்.

அறைக்கு வெளியே கதை வேறு. காத்திருக்கும் கூடம் எல்லாப் பிரிவுகளுக்கும் பொது. இருமுகிறவர்களும் காய்ச்சல்காரர்களும் நிறைந்த அந்தக் கூடத்தில், எதிர்ப்பு சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருக்கும் எங்களையும் உட்கார வைத்தார்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு படிக்கட்டில் போய் நின்ற நாள்கள் உண்டு. நேரம் குறித்துக் கொடுத்தால் தீர்ந்துவிடும் பிரச்சினை இது. அதேபோல, மருந்தின் அளவைப் பார்க்க இரத்தம் எடுக்கும் நாளில், இரத்தம் கொடுத்த பிறகுதான் காலை மாத்திரையைப் போட வேண்டும். பன்னிரண்டு மணி நேர இடைவெளி தவறக் கூடாத மருந்து அது. இரத்தம் எடுக்கும் இடத்துக்கும் பயிற்சி அறைக்கும் பேச்சுவார்த்தையே இல்லாததால், அந்த நாள்களில் பயிற்சியா மாத்திரையா என்று ஓட வேண்டியிருந்தது.

இதைவிடப் பெரிய குறை, ஆள் மாறுவது. இளம் தெரபிஸ்ட் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டார். அடுத்து வந்தவர் திறமையானவர்தான். ஆனால் முதல் நாள் என் கையை எடுத்து, பக்கவாதம் வந்தவரின் கையை நீட்டுவது போல நீட்டினார். நான் தடுத்து, இது மாற்றுக் கை, உணர்ச்சி இன்னும் முழுதாக வரவில்லை, எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது என்று விளக்க வேண்டியிருந்தது. கை மாற்று அறுவை உலகெங்கும் அரிதாக நடப்பது. 2010 வரை பன்னாட்டுப் பதிவேட்டில் இருந்தவர்களே சில பத்துப் பேர்தான். ஆகவே எல்லா தெரபிஸ்டுக்கும் பழக்கம் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால்தான் ஒப்படைக்கும்போது பழையவரும் புதியவரும் நோயாளியின் முன்னால் சில நாள்கள் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். எழுதி வைத்த கோப்பு போதாது.

மனத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். நான் பயத்தைச் சொன்னேன், இளையவர் குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்பைப் படித்து என்னை அழைத்துப் பேச அந்தப் பிரிவில் யாரும் இல்லை. அறுவைக்கு முன் மனநல மருத்துவர் தகுதி பார்க்க வந்தார், பிறகு வரவில்லை. கொடையாளரின் நகம் வளரும். நாம்தான் வெட்ட வேண்டும். அந்த முதல் நகவெட்டு எனக்கு அறுவையைவிடக் கனமாக இருந்தது. யாரோ ஒருவரின் தாயோ மனைவியோ பிடித்த கை. அவர்கள் யாரென்று எனக்குச் சொல்லப்படவில்லை. நன்றி சொல்லவும் வழியில்லை. இதையெல்லாம் மூத்த தெரபிஸ்ட் தன் உணவு இடைவேளையில் உட்கார்ந்து கேட்டார். அவருடைய நல்ல மனத்துக்கு வணக்கம். ஆனால் ஒருவரின் நல்ல மனம் பிரிவின் ஏற்பாடு ஆகிவிடாது. ஹாலமின் கதையை எனக்குச் சொன்னவர்கள், அதிலிருந்து இதையும் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். நான் குறைத்த ஒரு மதிப்பெண்ணில் பாதி இதற்காக.

அளவீடுகள் பற்றிச் சுருக்கமாக. கேரல் சோதனை என்று ஒன்று: கட்டை, உருளை, கோலி போன்ற பொருள்களை எடுத்து வைப்பது, ஊற்றுவது, எழுதுவது என்று 33 செயல்கள், 99 மதிப்பெண். டேஷ் என்று இன்னொன்று: 30 கேள்விகள் கொண்ட தாள், அன்றாட வேலைகளில் எவ்வளவு சிரமம் என்று நாமே குறிக்க வேண்டும், மதிப்பெண் குறையக் குறைய நல்லது. முறையாக எடுத்தார்கள், வரைபடம் போட்டுக் காட்டினார்கள். அறிக்கைகளில் எல்லோருக்கும் பாதுகாப்பு உணர்ச்சி (வலி, சூடு போன்ற ஆபத்தை அறியும் உணர்ச்சி) திரும்பியது, 90 சதவீதம் பேருக்குத் தொடு உணர்வு திரும்பியது என்று படித்தபோது மகிழ்ந்தேன். ஆனால் அந்தச் சதவீதத்துக்குள் வாழ்வது எப்படி என்பதை நான் சொல்லியாக வேண்டும். இன்றைக்கு வலது கையால் கதவைத் திறக்கிறேன், தலை வாருகிறேன், பேனா பிடித்துப் பெயர் எழுதுகிறேன், தம்பி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். அவள் கை சூடாக இருக்கிறது என்று தெரிகிறது. ஊசியில் நூல் கோக்க இன்னும் முடியவில்லை. விரல்களை அகல விரிக்கும் குட்டித் தசைகள் பாதிதான் வேலை செய்கின்றன. டாக்ரோலிமஸ் தரும் நடுக்கம் நுண்ணிய வேலையில் குறுக்கே வருகிறது. குளிரில் கை மரத்துப்போகிறது. மருந்து வாழ்நாள் முழுதும். அதனால் சிறுநீரகம், சர்க்கரை, தோல் புற்று எல்லாவற்றுக்கும் பரிசோதனை தொடர வேண்டும். கை இல்லாமல் உயிருக்கு ஆபத்து இல்லை. கையைக் காக்கும் மருந்தில் ஆபத்து உண்டு. இதை நன்றாக எடைபோட்டுவிட்டுத்தான் யாரும் வர வேண்டும். எனக்கு இது தகுந்தது. உங்களுக்கும் தகும் என்று நான் சொல்ல மாட்டேன்.

பயிற்சிக்கு வேலையை விட்டுவிட்டு வர முடியாதவர்கள், மருத்துவமனையின் அருகில் பல மாதம் தங்க வழியில்லாதவர்கள், வீட்டில் ஒருவர்கூட உடன் நிற்க முடியாதவர்கள் இதை அந்தப் பிரிவோடு முன்கூட்டியே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். முதல் சில மாதங்கள் இது ஒரு முழுநேர வேலை. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்குப் பல மணி நேரம். போய்ப் பார்க்கும்போது, உங்கள் அளவில் கை பொருத்திக்கொண்ட வேறு யாராவது அங்கே பயிற்சி செய்கிறார்களா என்று கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால் அரை மணி நேரம் பேசுங்கள். தெரபிஸ்ட் விடுப்பில் போனால் கையைப் பார்ப்பது யார் என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விக்குச் சட்டென்று ஒரு பெயர் பதிலாக வர வேண்டும்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அறை பூட்டியிருப்பதைப் பற்றி எழுதிக் கொடுத்திருந்தேன். வெள்ளிக்கிழமை இளகியிருக்கும் விரல்கள் திங்கட்கிழமை விறைத்துப்போய் வரும். அந்த நாளின் பாதி, வெள்ளிக்கிழமை இருந்த இடத்துக்குத் திரும்புவதிலேயே போய்விடும். நெடுநாள் பதில் இல்லை. சென்ற மாதம் மூத்த தெரபிஸ்ட் அழைத்துச் சொன்னார்: சனிக்கிழமை காலையில், கை மாற்று நோயாளிகளுக்கும் தசைநாண் தைத்தவர்களுக்கும் மட்டும் அறையைத் திறக்க அனுமதி கிடைத்திருக்கிறதாம். பொதுக் கூடத்தில் உட்கார வேண்டியதில்லை, பக்கத்து வாசல் வழியாக வரலாம். மனநல ஆலோசகர் பற்றி இன்னும் முடிவாகவில்லை. அதற்கு மறுபடி எழுதிக் கொடுத்திருக்கிறேன், இம்முறை வலது கையால்.